ஏன் கீழே? மனை, மண், மட்டம்: ஒரு வரலாறு



அய்யா எல். இளையபெருமாள் அவர்களை நினைவுகூரும் இந்த உரைக்குக் கல்வி, கோயில் நுழைவு, தேர்தல் அரசியல் என்று எத்தனையோ தலைப்புகள் உண்டு. நாம் மண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீடு கட்டுவதற்கு முன்பு மனையில் கொட்டி, நிரவி, இடித்து, மட்டம் பார்க்கிற அந்த மண்ணைத்தான் சொல்கிறோம். இது கொத்தனாரும் சித்தாளும் பேச வேண்டிய விஷயம், நினைவுச் சொற்பொழிவில் இதற்கு என்ன இடம் என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். நம்மில் பலர் கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள். அதனாலேயே இந்த வரலாற்றை நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகிற பேருந்தில் காடாம்புலியூரைக் கடந்திருப்பீர்கள். இருபுறமும் செம்மண், முந்திரித் தோப்பு, பலா. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் தேசிய நெடுஞ்சாலை இது. நான்கு வழிச்சாலைக்காக இங்கே மண் கொட்டியபோது நம் ஆட்கள் பலர் வேடிக்கை பார்த்தார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். முதலில் மண்ணைக் கொட்டுகிறார்கள். பிறகு நிரவுகிறார்கள். தண்ணீர் தெளித்து ரோலர் விடுகிறார்கள். கருவி வைத்து மட்டம் பார்க்கிறார்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. தார் போடுவதற்கு முன்பு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது தரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சாலைக்குக் கிடைத்த இந்த மரியாதை இந்த நாட்டில் எத்தனை காலனிகளுக்குக் கிடைத்தது? இதுதான் இன்றைய உரையின் கேள்வி.

1. சொல்லுக்குள் இருக்கும் மேடு பள்ளம்

தமிழில் கிழக்கு என்ற சொல் 'கீழ்' என்பதிலிருந்தும், மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் வந்தவை. மேற்கே மலை, கிழக்கே கடல். தரை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. தண்ணீர் ஓடும் போக்கை வைத்தே நம் மொழி திசைக்குப் பெயர் வைத்திருக்கிறது. கால்டுவெல் இதைக் கவனித்து எழுதினார். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று நம் மாவட்டத்து ஆறுகளும் அந்தச் சரிவில்தான் கடலுக்குப் போகின்றன.

இயற்கையான இந்தச் சரிவின்மேல் சாதி இன்னொரு சரிவைக் கட்டியது. ஊர் நத்தம் மேட்டில் இருந்தது. சேரி வாய்க்காலுக்கு அப்பால், ஏரிக்கரைக்குக் கீழே, ஓடைக்கு ஓரத்தில் இருந்தது. எல்லா ஊரிலும் இப்படியே என்று நாம் சொல்லவில்லை. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் குடியிருக்கும் நம் மக்களும் உண்டு. அங்கே குடிதண்ணீர்தான் பாடு. மேட்டில் இருந்தால் தண்ணீர் ஏறாது, பள்ளத்தில் இருந்தால் தண்ணீர் வடியாது. இரண்டிலும் தேர்வு நம்முடையதாக இல்லை என்பதே பொது.

மட்டம் என்ற சொல்லையும் பாருங்கள். கொத்தனார் வாயில் அது சமம். ரசமட்டம், மட்டப்பலகை, குழாய் மட்டம் எல்லாம் சமத்தை அளக்கும் கருவிகள். ஊர்ப் பேச்சில் 'மட்டமான ஆள்' என்றால் இழிந்தவன். 'மட்டம் தட்டுதல்' என்றால் ஒருவரை அவமானப்படுத்துதல். தரையைச் சமன் செய்யும் தொழிலின் சொல், மனிதரைத் தாழ்த்தும் சொல்லாகவும் வழங்குகிறது. மட்டம் தட்டும் வேலையைச் செய்தவர்களே அதிகம் மட்டம் தட்டப்பட்டார்கள் என்பதை நமக்குத் தனியே யாரும் விளக்க வேண்டியதில்லை.

2. சாத்திரத்தில் மண், கல்வெட்டில் சேரி

கட்டுவதற்கு முன் தரையைத் தயார் செய்ய வேண்டும் என்பது இன்றைய பொறியியல் கண்டுபிடித்தது அல்ல. மயமதம் போன்ற பழைய கட்டடக்கலை நூல்கள் அதற்கு விரிவான முறை சொல்கின்றன. நிலத்தைச் சோதிக்க வேண்டும், காளை பூட்டி உழ வேண்டும், விதைக்க வேண்டும், மாடுகளை மேய விட வேண்டும், அதன் பிறகே மனை. அதே நூல்கள் மண்ணின் நிறத்தையும் வருணப்படி பிரிக்கின்றன. வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. அந்தப் பட்டியல் நான்கோடு முடிந்துவிடுகிறது. ஐந்தாவதாக வைக்கப்பட்டவர்களுக்கு நிறமும் இல்லை, மண்ணும் இல்லை. அவர்களுடைய குடிசை ஊருக்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட முதலாம் ராஜராஜனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைக் கணக்கிடும்போது வரி விதிக்காத நிலங்களைப் பட்டியலிடுகிறார்கள். ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே ஒரு பெயர். நொபோரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கல்வெட்டுகளைக் கொண்டு சோழர் கால ஊரமைப்பை விளக்கியிருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் சேரியும் தனித்தனியாக அளக்கப்பட்ட இடங்களாக இருந்தன என்பதை. அளவுகோல் பிடித்த அரசுக்குச் சேரி எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' என்ற நூலில் அண்ணல் அம்பேத்கர் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார்: இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள்? வெள்ளம் பார்த்த மாவட்டத்துக்காரர்களாகிய நாம் அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறோம்: வெளியே மட்டும் அல்ல, ஏன் கீழே?

3. மண் சுமந்த கடவுளும் மண் சுமந்த மனிதரும்

நம் மாவட்டத்து வீராணம் ஏரி 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் உருவானது. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரே ஏரிக்கும் பெயர். வெட்டுவித்தவன் பெயர் ஏரியில் நிற்கிறது. வெட்டியவர்கள் பெயர் எந்த ஏரியிலும் நிற்பதில்லை.

மண் வேலையைப் பற்றித் தமிழில் புகழ்பெற்ற இரண்டு கதைகள் உண்டு. ஒன்று பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வருகிறான். இன்னொன்று நமக்கு நெருக்கமானது, நந்தன் கதை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நிலக்கிழாரான வேதியர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் அவர் வருகிறார். சிதம்பரம் போக வேண்டுமென்றால் நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் தெய்வ அருளால் வேலை முடிகிறது.

இரண்டு கதையிலும் மண் வேலையைக் கடவுள் செய்துவிடுகிறார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கட்டாயமும், நாற்பது வேலி என்ற நிபந்தனையும் கதை கட்டியவர் கற்பனையில் மட்டும் இருந்தவை அல்ல. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களைக் கரை வேலைக்கு வரச் சொல்லி அதிகாரி கட்டாயப்படுத்தலாம். கரையால் யாருடைய வயல் பிழைக்கிறது என்பதைப் பார்த்து ஆள் கூப்பிடவில்லை. யார் உடல் உழைப்பாளி என்பதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நேர்மை. மண் வேலை முழுவதையும் தலித்துகள் மட்டுமே செய்ததாக நாம் உரிமை கொண்டாடக் கூடாது. ஒட்டர் என்றும் போயர் என்றும் அழைக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளம் வெட்டியும் கிணறு தோண்டியும் வாழ்ந்தவர்கள். வன்னியர் உள்ளிட்ட பிற சாதி ஏழைகளும் கூடை சுமந்திருக்கிறார்கள். சுமந்த மண் ஒன்றாக இருந்தாலும், சுமந்து முடித்துத் திரும்பிப் போன வீடு எந்த மட்டத்தில் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

4. கீழிருக்கும் தரையும் சொந்தமில்லை

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை நமக்குப் பழக்கமானது. அதைப் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் இன்னொரு பாதி குடிமனை பற்றியது. பறையர் குடிசை போட்டிருக்கும் தரைகூட மிராசுதாரர் பிடியில் இருக்கிறது. வேலைக்கு வர மறுத்தால், கூலி கேட்டால், மதம் மாறினால், குடிசையை விட்டு வெளியேற்றலாம். காலடி மண் அடுத்தவன் கையில் இருக்கும்வரை மனிதன் அடிமைதான் என்பதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியே எழுதும் அளவுக்கு நிலைமை வெளிப்படையாக இருந்தது.

1892இல் வந்த அரசாணையால் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சாகுபடிக்கு வராத தரிசு. கல் பொறுக்கி, முள் வெட்டி, மேடு தட்டி, பள்ளம் நிரப்பி அதை நிலமாக்கியது நம் பாட்டன் பூட்டன்களின் உழைப்பு. நிலமான பிறகு அது எப்படியெல்லாம் கை மாறியது என்பதும் நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். தரிசைச் சமன் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், சமன் செய்யப்பட்ட நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

வீட்டுமனைக்கு வருவோம். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு மனை எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது. பல இடங்களில் மனைக்கான விலையைத் தவணையாக நம் மக்களே செலுத்தினார்கள். 1971இல் குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்தத் தரை சொந்தமானது. 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டம், 31ஆம் எண் சட்டம், வந்தது. இன்று தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் 'காலனி'கள் பலவும் இந்தச் சட்டத்தின் கீழ் உருவானவை. இந்தச் சட்டங்கள் போராடிப் பெற்றவை. அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை.

ஆனால் சட்டம் பரப்பளவைப் பார்த்தது, உயரத்தைப் பார்க்கவில்லை. மூன்று சென்ட் என்று பட்டாவில் எழுதலாம். அந்த மூன்று சென்ட் பக்கத்துச் சாலையைவிட எத்தனை அடி கீழே இருக்கிறது என்று எழுதுவதற்குப் பட்டாவில் இடமே இல்லை. எந்த நிலத்தைக் கொடுக்க உடைமையாளர்கள் குறைவாக எதிர்த்தார்களோ, எந்த நிலம் விலை குறைவாக இருந்ததோ, அந்த நிலம் எளிதில் காலனி ஆனது. அது விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் நிற்பதுதான்.

5. முப்பத்தொன்பது யூனிட்

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், மனுப் போடும்போது உதவும்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் ஏறத்தாழ 1,307 சதுர அடி. மனை சாலையைவிட மூன்று அடி தாழ்வாக இருந்தால் அதைச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,920 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 39 யூனிட். கொட்டிய மண் இறுகும்போது அமுங்கும் என்பதால் இன்னும் சில யூனிட் கூடுதலாக வேண்டும். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் பதின்மூன்று நடைக்கு மேல். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஆகிற செலவு இது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கி இன்றுவரை வீட்டுக்கு என்று வந்த மானியம் சுவருக்கும் கூரைக்கும் கணக்குப் போட்டு வந்தது. பள்ளத்துக்குக் கணக்குப் போட்டு வரவில்லை.

பட்டா வாங்கிய நாளைவிட மண் அடித்த நாட்களே நம் வீடுகளில் அதிகம் நினைவில் இருக்கின்றன. அம்மாக்கள் வயல்வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை ஏரியிலிருந்து கூடை கூடையாகச் சவுட்டு மண் சுமந்தார்கள். வசதி வந்தவர் டிராக்டரில் அடித்தார். வசதி வராதவர் இருந்த மட்டத்திலேயே குடிசை போட்டார். இதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. தண்ணீருக்கு மனை எல்லை தெரியாது. ஒருவர் தன் மனையை மேடாக்கினால், அதுவரை இருவர் மனையிலும் பரவி நின்ற தண்ணீர் அடுத்தவர் மனையில் மட்டும் நிற்கும். அரசு செய்ய வேண்டிய வேலையைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் கட்டியதால், காலனிக்குள்ளேயே மேடும் பள்ளமும் உண்டாயின. வாசல் தண்ணீருக்காக அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையில் இருந்த சரிவு, சேரிக்குள்ளும் நுழைந்தது.

ஆகவே மனையை மட்டம் செய்வது என்பதைத் தனி வீட்டு வேலையாகப் பார்க்கக் கூடாது. ஒரு குடியிருப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில், வீடு எழும்புவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை அது. அனுபவமுள்ள கொத்தனாரைக் கேட்டால் அதன் முறையைச் சொல்வார். முதலில் செடி கொடி, வேர், குப்பை, மேலாக உள்ள மக்கிய மண் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். பிறகு நிரப்பும் மண்ணை மொத்தமாகக் கொட்டாமல் அரை அடி, முக்கால் அடி என்று அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்சுக்கட்டையாலோ ரோலராலோ இடிக்க வேண்டும். முடிந்தால் அந்த மண் ஒரு மழையைப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் இறுதி மட்டம். சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்குத் தரை அரை அடியாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். அந்தச் சரிவு தெரு வாய்க்காலில் சேர வேண்டும். தெரு வாய்க்கால் ஊர் வடிகாலில் சேர வேண்டும். ஊர் வடிகால் ஓடையில் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

'பேஸ்மட்டம்' என்று நம் கொத்தனார்கள் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைத் தமிழின் மட்டத்தோடு ஒட்டிக்கொண்ட அழகான சொல். ஆனால் பள்ளமான மனையில் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்திக் கட்டினால் வீடு தீவாக நிற்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். கழிவறைக் குழி பொங்கும். கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வர வேண்டும். இறந்தவரைக் கொண்டுபோவது இன்னும் கொடுமை.

6. 2015 நவம்பர்

2015 நவம்பர் 9ஆம் தேதியை நம் மாவட்டம் மறக்காது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் ஓடை கரை மீறிக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. வீடுகளோடு மனிதர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். காடாம்புலியூரிலிருந்து அந்த ஊர்கள் வெகுதூரம் இல்லை. மழை எல்லா ஊரிலும்தான் பெய்தது. ஆனால் அந்த வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்தில் அதிகம் சேதமானவை தலித் குடியிருப்புகள் என்பதையும், நிவாரணத்திலும் பாகுபாடு இருந்தது என்பதையும் தலித் உரிமை அமைப்புகள் கள ஆய்வு செய்து பதிவு செய்தன.

அப்போது பலரும் இயற்கைச் சீற்றம் என்றார்கள். மழை இயற்கைதான். மழை விழுந்த பிறகு அது எந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று தீர்மானித்தது இயற்கை இல்லை. கல்வெட்டுக் காலத்திலிருந்து பட்டா காலம் வரை மனிதர்கள் எடுத்த முடிவுகளின் சரிவில் அந்தத் தண்ணீர் ஓடியது.

இது நம் நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிரின்ஸ்வில் என்று ஒரு சிறு ஊர் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தார் ஆற்றங்கரையில் அதை அமைத்தார்கள். 1885இல் அது முறையான நகராட்சியானது. அவர்களுக்குக் கிடைத்தது வெள்ளையர் வேண்டாம் என்று விட்ட சதுப்பான தாழ்நிலம். 1999இல் ஃபிளாய்ட் புயலில் ஊர் முழுவதும் மூழ்கியது. அவர்கள் அந்த இடத்துக்கு முதலில் வைத்த பெயர் 'விடுதலைக் குன்று'. தாழ்நிலத்து ஊருக்குக் குன்று என்று பெயர் வைத்த அந்த ஏக்கத்தை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது.

7. மலையை நகர்த்தும் அரசு

பணம் இல்லை, மண் இல்லை, இயந்திரம் இல்லை என்று அரசு சொல்லக்கூடும். காடாம்புலியூரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. தெற்கே நெய்வேலி. 1957 மே 20 அன்று நேரு அந்தச் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்காக மக்கள் ஊர்களை விட்டுப் பெயர்ந்தார்கள். நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்த மண் மலைமலையாகக் குவிந்திருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். 39 யூனிட் என்பது ஏறத்தாழ 111 கன மீட்டர். ஏறக்குறைய 20 டன் நிலக்கரிக்காகத் தோண்டும் மேல்மண் அளவுதான் அது. ஒரு குடும்பத்தின் பள்ளத்தைத் தூர்க்க வேண்டிய மண், ஒரு பெரிய லாரி நிலக்கரிக்காகப் புரட்டிப் போடும் மண்ணுக்குச் சமம். மின்சாரத்துக்காக மலையை நகர்த்தத் தெரிந்த அரசுக்கு, மூன்று சென்ட்டைச் சமன் செய்யத் தெரியாது என்று நம்மால் நம்ப முடியவில்லை.

வழி தெரியாமலும் இல்லை. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு. நிலத்தைத் தயார் செய்து, தெருவும் பொது வசதிகளும் திட்டமிட்டு, வீடுகளைக் கட்டி, பிறகே குடியேற்றினார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி நமக்கு வேறு விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால் யார் வீட்டுத் தரையும் யார் வீட்டுத் தரைக்கும் கீழே இருக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அரசே ஒரு குடியிருப்பைத் திட்டமிட முடியும் என்பதற்கு அது சாட்சி. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் நிலத்தை மேம்படுத்தும் வேலைக்கு இடம் தரப்பட்டது. 2021இல் தலைமைச் செயலாளர், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வீடுகள் பள்ளமாகிக்கொண்டே போவதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த உத்தரவு காலனித் தெருவின் சிமென்ட் சாலைக்கும் வந்து சேர்ந்ததா என்பதை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

8. நாம் செய்ய வேண்டியது

செயல்பாட்டாளர்களிடமும் மாணவர்களிடமும் நான்கு வேலைகளை வைக்கிறோம்.

முதலாவது, அளப்பது. ஒரு நீளமான கண்ணாடிக் குழாய், ஒரு குடம் தண்ணீர், இரண்டு அளவுகோல் போதும். குழாய் மட்டம் வைத்துச் சாலைக்கும் நம் வாசலுக்கும், ஊர்த் தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அடிக்கணக்கில் எழுதி வைப்போம். 'தண்ணீர் நிற்கிறது' என்று எழுதும் மனுவைவிட 'இரண்டே முக்கால் அடி தாழ்வு' என்று எழுதும் மனுவை மறுப்பது கடினம்.

இரண்டாவது, புதிய மனைப்பட்டா எங்கே கொடுத்தாலும் பட்டா கொடுக்கும் முன்பே குடியிருப்பு முழுவதையும் அரசு செலவில் நிரப்பி, இறுக்கி, மட்டம் செய்து, வடிகால் போக்கையும் முடித்துத் தர வேண்டும் என்று கேட்போம். வரைபடத்தில் மனை எண்ணோடு தரை மட்டமும் குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, வீட்டு மானியத்தில் மண் நிரப்பும் செலவைத் தனித் தலைப்பாகச் சேர்க்கக் கோருவோம்.

நான்காவது, நமக்குள் பேசுவது. பக்கத்து மனையைப் பள்ளமாக்கி நம் மனையை மேடாக்காமல், தெரு முழுவதும் சேர்ந்து மட்டம் வைப்போம். சமத்துவத்தை நம் வாசலில் செய்து காட்டாமல் ஊரிடம் கேட்க முடியாது.

நண்பர்களே, சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நெருப்புக்குழியில் இறங்கினால்தான் உள்ளே போகலாம் என்று சொல்லப்பட்ட ஊரில், நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடந்து உள்ளே போக ஓர் இடத்தை உண்டாக்கினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து புறப்பட்ட இளையபெருமாள், 1952இல் கடலூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்று, தீண்டாமை, பொருளாதாரம், கல்வி மூன்றையும் ஒன்றாக ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தார். தீண்டாமை மனதில் மட்டும் இருப்பதில்லை, அது பானையிலும் பாதையிலும் கூலியிலும் இருக்கிறது என்று கண்ணால் கண்டதைப் பதிவு செய்த மரபு அவருடையது. அந்த மரபில் நின்று நாம் சேர்க்கும் ஒரு வரி இதுதான்: தீண்டாமை தரை மட்டத்திலும் இருக்கிறது, அதை அடிக்கணக்கில் அளக்க முடியும்.

அளக்க முடிந்ததை மாற்றவும் முடியும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பு, இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் அவரவர் தெருவின் மட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த நினைவு நாளில் அந்தக் கணக்கோடு சந்திப்போம்.

ஜெய் பீம்.